ஒன்பது மணிக்கு மேல் எலும்பு வார்டு

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்கு
ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
பெரிய டாக்டர் போய், பார்க்க வந்த சொந்தம் போய்,
கட்டித் தொங்கவிட்ட கால்கள் மட்டும் மிச்சமிருக்கும்
ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை மாதிரி.

அப்போது மேலப்பாளையம் மைதீன் பிச்சை கனைப்பார்:
"ஆரம்பிச்சிருவமா வே?"
இடுப்புக்குக் கீழே அவருக்கு எல்லாம் கம்பி.
மேலே எல்லாம் சினிமா.

பந்தயம் ஒரு சாத்துக்குடி.
பெரிய பந்தயம் என்றால்
விடியும்வரை காற்றாடி யார் பக்கம் என்பது.

"ஏழாம் நம்பர் வாய்தா படத்துல
கோர்ட்டுக் கடிகாரம் ஓடவே ஓடாது.
எத்தன மணில நிக்கி?"
"நாலே கால்" என்றான் லாரி கிளீனர் ஆத்தியப்பன்,
கண்ணைத் திறக்காமலே.
"நாலு இருவது. வை சாத்துக்குடிய."
"சவத்து மூதி, அஞ்சு நிமிசத்துல போச்சே!"

சினிமா சலித்தால் வார்த்தை.
கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்த சின்ன டாக்டரம்மா
எங்களுக்கு அடித்த யோகம்.
வண்ணாரப்பேட்டைப் பாலத்தடியில் ஆட்டுக்கு ஒதுங்கி விழுந்த நான்
"குறுக்கு வலிக்கி" என்றேன்.
"எதுக்குக் குறுக்கே?" என்றாள்.
"நொம்பலம் தாங்கல" என்றேன்.
முன்னாடி சாப்பிட்ட மாத்திரையா என்றாள்.
ஆத்தியப்பன் "கரண்டைல நீர் கோத்திருக்கு" என்றதும்
கரண்டியில் எப்படி என்று யோசித்தாள், பாவம்.
அன்றிலிருந்து என் கேஸ் சீட்டின் முதுகில்
ஒரு பட்டியல் வளர்ந்தது, நீல மையில்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை.
"பொட்டாட்ட இருங்" என்று ஒருநாள் அதட்டினாள்.
பொட்டு யாரு, ஆட்டம் எங்கன என்று
ரெண்டு சாத்துக்குடி கைமாறிய பிறகுதான்
சும்மா கிடங்கலே என்று அர்த்தம் தெரிந்தது.
அதற்குள் விடிந்துவிட்டது.

ஆறாம் கட்டில் ஊய்க்காட்டான் எதற்கும் வாய் திறக்க மாட்டார்.
சிங்கம்பட்டிக்காரர். இடது காலில் மாவுக்கட்டு.
முகத்திலும் அதே கட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மைதீன் பிச்சை பெரிய வெடியாகப் போட்டார்:
"கொக்கிரகுளம் எக்ஸ்பிரஸ்.
இடைவேளைக்கு முன்னால மணிமுத்தாத்து மதகுல
ஒரு பொணம் ஒதுங்குமே, நடிச்சது யாரு?"
"பொணத்துக்குப் பேரு போடுவானா வே?
இது அழிச்சாட்டியம்லா!"

"நாந்தான்."

ஆறாம் கட்டில்.
காற்றாடிகூடக் கொஞ்சம் தயங்கியது.

"ரெண்டு நாள் தண்ணில கெடந்தேன்.
முந்நூறு ரூவா, நாலு புரோட்டா.
குப்புறக் கெடக்கணும், அசையக் கூடாது.
கெண்டக்குஞ்சு வந்து குறுக்குல கடிக்கி.
சிரிச்சிட்டேன். மறுபடி எடுத்தாங்க.
மறுபடியும் கடிச்சிது."

ஆத்தியப்பன் செல்லில் தேடி எடுத்துவிட்டான்.
பதினோரு வினாடி.
முகம் தண்ணீருக்குள். முதுகில் சட்டை உப்பியிருக்கிறது.
நாலு தலையை ஒட்டவைத்து, ஏழு தடவை பார்த்தோம்.
எட்டாவதில் நர்ஸ் மேரி பாக்கியமும் சேர்ந்துகொண்டாள்.
அவள்தான் கண்டுபிடித்தாள்:
இடது கரண்டையில்,
எட்டணா அகலத்தில் ஒரு மச்சம்.

"காட்டும் வே கரண்டைய!"

ஊய்க்காட்டான் தன் காலைப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.
முட்டியிலிருந்து விரல் வரை வெள்ளை மாவு.
அதன்மேல் டாக்டரம்மா எழுதிய தேதி:
பிரிக்க வேண்டியது, இருபத்திரண்டு.

வார்டு ரெண்டாகப் பிளந்தது.
மச்சம் உண்டு என்பவர்கள் சன்னல் பக்கம்,
கோட்டிப் பய புளுகுதான் என்பவர்கள் கக்கூஸ் பக்கம்.
பதினோரு சாத்துக்குடி
ஆறாம் கட்டிலுக்கு அடியில் டெபாசிட்.
அவர் மட்டும் அதிலொன்றை உரித்துத் தின்றார்,
எதிலும் சேராமல்.

என்னை அனுப்பிவிட்டார்கள், பத்தொன்பதாம் தேதி.
குறுக்கு சரியாகிவிட்டதாம்.
"மூணே நாள், தரையில படுத்துக்கிடுதேன்" என்றேன்.
சட்டத்தில் இடமில்லை.

பாளை பஸ் ஸ்டாண்டில் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
முன்பக்கம் என் எலும்பு.
பின்பக்கம்
குறுக்கு: இடுப்பு.
நொம்பலம்: வலி.
கோட்டி: பைத்தியம் (என்னையும் சொல்கிறார்கள்).
கடைசியாக, அவசரக் கையெழுத்தில்
கரண்டை: கணுக்கால்.
மச்சம் இருக்கலாம்.
22ஆம் தேதி பார்க்கவும்.